வெனிலாக் கொடிக்கு வெந்நீர்

அன்று காலை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தவர்கள்:

மாதா கோயிலில் மணியடிக்கும் ஸ்தனிஸ்லாஸ், தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டி.

சேலம் பஸ்ஸின் கண்டக்டர் பொன்னுவேல், கீழே காக்கிக் கால்சட்டை, மேலே பனியன் மட்டும்.

வாழவந்தியிலிருந்து காய்கறிக் கூடையோடு வந்து, டவுனுக்குப் போகிற வழியில் தண்ணி வார்த்துக்கொள்ள நின்ற கண்ணாயி.

வீட்டுக்காரரும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருமான கிறிஸ்துதாஸ், கையில் சீவிய மூங்கில் குச்சி.

கதவுக்கு உள்ளே இருந்தவர்கள்: அவர் மனைவி ஞானசுந்தரி. ஒரு வெனிலாப் பூ.

தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்தது.

இப்படி ஒரு காலை வரும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஞானசுந்தரி ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். கிறிஸ்துதாஸைக் கட்டிக்கொண்டவளுக்கு ஆச்சரியம் எல்லாம் முதல் வருடத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. ஏற்காட்டில் காப்பி விளைகிறது, மிளகு விளைகிறது. ஆரஞ்சும் பேரிக்காயும் பலாவும் கேட்பாரற்று விளைகின்றன. இவற்றில் எதன் மேலும் அவருக்கு அக்கறை கிடையாது. இந்த மலையில் முளைக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற செடி எதுவோ அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார். வாசலில் ஒரு தென்னை நின்றது. வைத்த நாளிலிருந்து அதற்கு மூன்றே மட்டை. புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ அலங்காரச் செடி என்று நினைத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேரீச்சங்கொட்டை முளைத்தது, மார்கழிப் பனியில் கருகியது. ஜாதிக்காய்க் கன்றுக்கு மகனுடைய பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் போர்த்திப் பார்த்தார். கன்று செத்தது. ஸ்வெட்டரை ஞானசுந்தரி துவைத்து எடுத்து வைத்தாள்.

வெனிலா வயநாட்டிலிருந்து வந்தது. அங்கே எஸ்டேட் வேலையில் இருந்த அவருடைய சித்தப்பா மகன் மரியதாஸ், ஈரச் சாக்கில் சுற்றி ஒரு முழக் கொடியைக் கொடுத்தான்.

"கேக்குக்கு ஊத்தற எசன்ஸ் இருக்குதல்ல, அது இதோட காயிலிருந்துதான் வருது அண்ணா. ஒண்ணும் பெரிய பாடில்ல. சூடும் ஈரமும் இருந்தாப் போதும்."

ஏற்காட்டில் ஈரத்துக்குக் குறைவில்லை. சூட்டைத்தான் தேடவேண்டியிருந்தது. வாசலில் வைத்தபோது இலை மஞ்சளானது. சமையலறையில் வைத்தபோது புகை பட்டுச் சுருண்டது. படுத்தபடுக்கையான கொடியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தவர், ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது இடத்தைக் கண்டுபிடித்தார். அப்படியே ஈரத்தோடு ஓடிவந்து சொன்னார். ஞானசுந்தரி முதலில் வேட்டியைக் கட்டச் சொன்னாள்.

குளியலறை வீட்டின் பின்பக்கம், செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. மூலையில் வெந்நீர்த் தவலையை அடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. அடுப்பின் வாய் மட்டும் வெளியே. கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு, கிழக்கே ஒரு ஜன்னல். மண்ணெண்ணெய் டின்னில் இலைமக்கு நிரப்பிக் கொடியை நட்டு, காப்பிக் கம்பு ஒன்றை ஊன்றி ஏற்றிவிட்டார். கொடி பிழைத்துக்கொண்டது. பிழைத்தது மட்டுமில்லை, கையகல இலை விட்டுத் துணி போடும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு ஓடியது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிள்ளைகள் இருவரும் படிப்பு, வேலை என்று கீழே சேலத்துக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் குளிக்கிறவர்கள் இரண்டே பேர். அந்த ஆவி கொடிக்குப் போதவில்லை என்று அவர் கண்டுபிடித்தார். தண்ணீர் சும்மா கொதித்தால் ஆவி நேராக மேலே போய் ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஆள் நின்று மொண்டு மொண்டு ஊற்றினால்தான் அறை முழுக்கப் பரவுகிறது. ஆக, ஊற்ற ஆள் வேண்டும்.

குளிரான ஊரில் ஓசி வெந்நீர் என்றால் செய்தி நடந்து போகாது. முதலில் ஸ்தனிஸ்லாஸ் வந்தார். தனிக்கட்டை, கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை. அதுவரை அவருடைய குளியல் திருநாளுக்குத் திருநாள்தான். அடுத்தது பொன்னுவேல். அவனுடைய பஸ் இரவு ஏற்காட்டில் தங்கும், காலையில் அவன் பல் கிட்டிப்போய் நிற்பான். பிறகு கண்ணாயி. பிறகு கண்ணாயி சொல்லி இன்னும் யார் யாரோ. கிறிஸ்துதாஸ் அத்தனை பேரையும் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார்.

"தாராளமா ஊத்திக் குளிங்க. சிக்கனமெல்லாம் பண்ணாதீங்க. சோப்புத் தண்ணி மட்டும் கொடிமேல படக்கூடாது. அப்பறம் ஜன்னலத் தொறக்கவே கூடாது. சளி புடிச்சுக்கும்."

"ஆருக்குங்க?" என்று பொன்னுவேல் கேட்டான்.

"கொடிக்குத்தான்."

"தும்முச்சுன்னா சொல்லுங்க ரைட்டருங்க. தைலம் வெச்சிருக்கறேன்."

தவக்காலத்தில் ஸ்தனிஸ்லாஸ் ஒறுத்தலாக வெந்நீரை விடப் பார்த்தார். கிறிஸ்துதாஸ் விடவில்லை. "ஒறுத்தல்னா பீடிய உடுங்க ஸ்தனிஸ்லாஸ். வெந்நியில கை வெக்காதீங்க. ஒரு உசுரு அத நம்பி இருக்குது."

இதில் ஞானசுந்தரியின் முறை எல்லோருக்கும் கடைசியில் வரும். தவலையில் அடித்தண்ணீர், தரையில் யாரோ வழித்துப் போட்ட சீயக்காய், ஆணியில் யாருடையதோ அரைஞாண் கயிறு. ஒரு நாள் சொம்புக்குள் பொன்னுவேலின் விசில் கிடந்தது. நின்று நிதானமாக ஒரு குளியல் போட்டு அவளுக்கு மூன்று வருடமாகியிருந்தது. வேறு நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. தன் வீட்டில், தன் தவலையில், முதல் தண்ணீர். இவ்வளவுதான்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரம் கொடியில் ஒரு மொட்டுக்கொத்து தெரிந்தது. கிறிஸ்துதாஸ் எஸ்டேட்டில் லீவு போட்டார். காரணம் கேட்ட மேனேஜரிடம் வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டு வந்தார். காலை வரிசையில் நின்றவர்களுக்கு அவர் பாடம் நடத்தியபோதுதான் ஞானசுந்தரி பந்தயம் கட்டினாள்.

பாடம் இது. இந்தப் பூவுக்கு நம் ஊர்த் தேனீ உதவாது, மனுசக் கைதான் வேண்டும். பூவின் தொண்டையில் ஒரு சிறு தோல் இருக்கும். ஆண் பாகம் அதற்கு மேலே, பெண் பாகம் கீழே. குச்சியால் தோலைத் தூக்கிவிட்டு, மேலே இருப்பதைக் கீழே இருப்பதோடு பெருவிரலால் அழுத்தவேண்டும். கொத்தில் ஒரு நாளைக்கு ஒரு பூ. விடியும்போது விரியும், வெயில் ஏறினால் வாடும். கை சேர்ந்திருந்தால் பூ கொடியிலேயே நிற்கும், காய் பிடிக்கும். இல்லையென்றால் மறுநாள் உதிர்ந்துவிடும்.

"கண்ணாலத் தரகர் வேலைங்களா?" என்றாள் கண்ணாயி.

"ஓலை வாசிக்காம எப்படிங்க கண்ணாலம்? பொண்ணு மாப்பிள பேர மூணு ஞாயித்துக்கெழமை கோயில்ல வாசிக்கோணும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

ஞானசுந்தரி அடுப்புக்குள் கட்டையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிப்போடறேன். இந்தக் கொத்துல ஒரு காய் புடிக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. நான் சாகற வரைக்கும் இந்தக் கொடியப் பத்திப் பேசமாட்டேன், இந்த வரிசையப் பத்தியும் பேசமாட்டேன். ஒண்ணுகூடப் புடிக்கலைன்னா, கொடுவாள எடுத்து அடியோட வெட்டிப்போட்டுக் கதவப் பூட்டிருவேன். சம்மதமுங்களா?"

"சம்மதம்" என்றார் கிறிஸ்துதாஸ். ஒரு கொத்துப் பூ இருக்கிறது, ஒன்றுகூடவா பிடிக்காது?

"நாங்கெல்லாம் சாச்சிங்கக்கா" என்றாள் கண்ணாயி.

"ஆரு பக்கம்?"

"தண்ணி ஆரு பக்கம் சுடுதோ அவிங்க பக்கமுங்க."

ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. கிறிஸ்துதாஸுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டது, படிக்கிற கண்ணாடி இல்லாமல் பூவின் தொண்டை தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனால் ஆவி பட்டு அது மூடிக்கொள்ளும். துடைப்பார், மூடும். துடைப்பார், மூடும். ஜன்னலைத் திறந்தால் ஆவி போய்விடும், ஆனால் கொடிக்குச் சளி பிடிக்குமே. ஆக ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பச்சை மூட்டத்துக்குள் குச்சியை விட்டு ஆட்டிவிட்டு, பெருவிரலால் எதையோ அழுத்திவிட்டு, மூக்கு நுனியில் வியர்வையோடு வெளியே வந்து, "இன்னிக்குச் சேந்துருச்சு" என்பார். மறுநாள் காலையில் முதல் ஆளாகக் குளிக்கப் போகிற ஸ்தனிஸ்லாஸ், உதிர்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வெளியே வருவார்.

 ஞானசுந்தரி கொடுவாளைக் கொல்லன் பட்டறைக்குக் கொடுத்துச் சாணை பிடித்து வாங்கி, வெளியே அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டிவைத்தாள்.

கடைசியில் கொத்தில் ஒரே ஒரு மொட்டு மிஞ்சியது. அது விரிகிற அன்று, இருட்டு பிரிவதற்கு முன்னால், அவள் எழுந்து அடுப்பை மூட்டினாள். நல்லெண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், துண்டு. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அவள் எதையும் வெட்டப்போவதில்லை, ஒடிக்கப்போவதில்லை. உச்சந்தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிறாள், அவ்வளவுதான். உட்கார்ந்தே ஜெயிக்கிற பந்தயம் வாழ்க்கையில் எத்தனை தடவை கிடைக்கும்?

"ஞானம்" என்றது கதவு.

"ம்."

"உள்ளயா இருக்கற?"

"இல்லீங்க, சேலத்துல இருக்கறேன்."

வெளியே பொன்னுவேல் சிரிப்பது கேட்டது.

"பூ விரிஞ்சிருச்சா, பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் கடைசி ஆளாக அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு போனதில் பூ எதையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. வெளிறின பச்சை, இதழ் நீளநீளமாக, நடுவில் ஒரு குழல். வெண்டைப்பூவே இதைவிட லட்சணம். மூக்கை வைத்துப் பார்த்தாள். வாசனையும் சொல்லும்படி இல்லை.

"விரிஞ்சிருச்சுங்க."

"எப்படி இருக்குது?"

"வாயப் பொளந்துட்டு இருக்குது. உங்களாட்டவே."

"சித்த கதவத் தொற ஞானம். ரெண்டு நிமிசம். நான் கண்ண மூடிக்கிட்டு வந்துட்டுப் போயிர்றேன்."

"கண்ணத் தொறந்து வந்தே ஒண்ணும் தெரியல. மூடிக்கிட்டு வந்து என்ன பண்றதுங்க?" என்றாள் கண்ணாயி.

"எண்ணெ தேச்சிருக்கறேனுங்க. ஊறோணும்" என்றாள் ஞானசுந்தரி.

"எம்புட்டு நேரம்?"

"ஊறுற மட்டுக்கும்."

வெளியே கொஞ்ச நேரம் குசுகுசு என்றிருந்தது. பிறகு ஸ்தனிஸ்லாஸ் குரலைத் தாழ்த்திச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். கோயில் மணிக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியதில் அவருக்குத் தாழ்த்திப் பேச வராது.

"ரைட்டரே, அடுப்பு வாயி நம்ம பக்கந்தான இருக்குது. தீய வெளிய இழுத்துப்போடுங்க. தண்ணி ஆறுனா அவிங்களே வெளிய வந்துருவாங்க."

"அட, நல்லாயிருக்குதே ஞாயம்!" என்றாள் கண்ணாயி. "பொம்பள எண்ணெயோட உள்ள உக்காந்திருக்கறா, தீய இழுக்கறதாம். சாமிக்கு மணியடிக்கற ஆளு பேசற பேச்சுங்களா இது?" அடுப்புக்குள் ஒரு கட்டை புதிதாக விழுந்த சத்தம் கேட்டது. "அக்கா, நீங்க நெதானமா வாத்துக்கங்க. நான் பாத்துக்கறேன்."

"தீய இழுத்தா ஆவி கொறஞ்சிருமே" என்று கிறிஸ்துதாஸ் முனகினார். அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. விட்டு விட்டு, பிறகு விடாமல்.

"டிரைவர் கூப்புடறாருங்க" என்றான் பொன்னுவேல். "குளிக்கவும் இல்ல, முடிவும் தெரியல. கீழ போயி ஆருகிட்டக் கேக்கறது?"

"பஸ்ஸு மேல வாரப்பச் சொல்றோம், போ சாமி. சட்டையப் போட்டுட்டுப் போ" என்றாள் கண்ணாயி.

வெயில் கண்ணாடி ஓடு வழியாக இறங்கித் தவலையின் விளிம்பைத் தொட்டது. ஞானசுந்தரி காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு சொம்பு எடுத்து முழங்காலில் ஊற்றிக்கொண்டாள். சூடு சரியாக இருந்தது. யாரும் கதவைத் தட்டி 'ஆச்சுங்களா' என்று கேட்கவில்லை. தரையில் பிறர் முடி இல்லை. இன்னும் கொஞ்ச நேரம். வெயில் சுவரில் பாதி வந்தால் பூ சுருங்கிவிடும். பிறகு கொடுவாள். பிறகு தினமும் இப்படி.

வெளியே விறகுக் கட்டை மேல் யாரோ கனமாக உட்கார்ந்தார்கள். கிறிஸ்துதாஸ்தான்.  பிறகு பேசினார், அந்தக் குரலில் கெஞ்சல் போய்விட்டிருந்தது.

"செரி உடு ஞானம். நீ ஜெயிச்சுட்ட."

அவள் கை சொம்போடு நின்றது. கோபித்துக்கொள்கிற கிறிஸ்துதாஸை அவளுக்குத் தெரியும். கெஞ்சுகிற கிறிஸ்துதாஸையும் தெரியும். விட்டுக்கொடுக்கிற கிறிஸ்துதாஸைத்தான் நம்பக்கூடாது.

"நானும் நொம்ப யோசிச்சுப் பாத்தேன்" என்றார். "இந்த ஊருக்குக் கொடி சரிப்படாது. போனாப் போகுது. மரியதாஸ் வேற ஒண்ணு சொல்லிவுட்டிருக்கறான். காளான்."

"காளானுங்களா?"

"ஆமா. வெதை குடுக்கறாங்களாம், பாட்டில்ல. வெயிலே வேண்டியதில்ல. சூடு வேண்டியதில்ல. பூவு இல்ல, குச்சி இல்ல. இருட்டா, ஈரமா ஒரு ரூம்பு இருந்தாப் போதும்." குரலில் உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. "நம்ம படுக்கற ரூம்பு அளவெடுத்த மாதிரி இருக்குது. ஜன்னலுக்கு நனைஞ்ச சாக்கு கட்டிப்போடலாம். மாட்டுக்குப் போடற வக்கில அவிச்சுப் பையில ரொப்பி, உத்தரத்துல தொங்கவுடோணும். கட்டிலுக்கு நேர் மேலயே அஞ்சாறு பை தொங்கும்."

"அக்கா எங்கீங்க படுக்கறது?" என்றாள் கண்ணாயி.

"அடியிலதான். பையில கை பட்டாத்தான் ஆகாது. மெதுவாப் பொரண்டு படுத்தா ஒண்ணும் பண்ணாது."

"வாசம்?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"அவிச்ச வக்கில் வாசந்தான். பத்து நாளு போனாப் பழகிரும்."

உள்ளே ஞானசுந்தரி சொம்பைக் கீழே வைத்தாள்.

அவர் மிரட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மிரட்டுகிற புத்தி இருந்தால் வேறு வழியில் சமாளித்துவிடலாம். இவர் நிஜமாகவே ஆறுதல் தேடிக்கொண்டிருந்தார், அந்த ஆறுதல் படுக்கையறை உத்தரத்தில் தொங்கப்போகிறது. அவள் எதிரே நின்ற கொடியை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்றமில்லை. தலைமேல் தொங்கவில்லை. இதனால் போனது காலையில் ஒரு குளியல். அதனால் போகப்போவது ராத்திரி முழுக்கத் தூக்கம். இந்த மனுசன் கையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தே தீரும். எது, எந்த அறையில் என்பதுதான் அவள் கையில் இருக்கிறது.

பந்தயம் போகும். வரிசையைப் பற்றி வாய் திறக்க முடியாது. போகட்டும்.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

மூன்று வருட ஆவி ஒரே மூச்சில் வெளியே போனது. காற்று சில்லென்று தோளில் பட்டது. அறை பளிச்சென்று தெரிந்தது, பூவும் தெரிந்தது, அதன் தொண்டைக்குள் அந்தச் சின்னத் தோலும் தெரிந்தது. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துத் துண்டில் எண்ணெய் போகத் துடைத்தாள். பாடத்தை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவர் தினமும் நடத்தியதில் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். தோலைத் தூக்கினாள். பெருவிரலால் அழுத்தினாள். ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிற வேலை, அதைவிடச் சுலபம். ஏதோ ஒட்டிக்கொண்டது விரலுக்குத் தெரிந்தது.

ஜன்னலைச் சாத்தினாள். பிறகு உட்கார்ந்து, அவசரமில்லாமல், தவலை அடி தெரிகிற மட்டும் குளித்தாள்.

அவள் கதவைத் திறந்ததும் கிறிஸ்துதாஸ் குச்சியோடு உள்ளே பாய்ந்தார். திரும்பி வந்தபோது கண்ணாடி வெள்ளையாக மூடியிருந்தது.

"வாடத் தொடங்கிருச்சு" என்றார். "இருந்தாலும் குச்சிய உட்டுப் பாத்தேன்."

ஞானசுந்தரி சட்டென்று திரும்பினாள். "எங்கீங்க உட்டீங்க?"

"என்னமோ மெதுக்குன்னு இருந்துச்சு."

"ரைட்டருங்க, அது நேத்து நான் காயப்போட்ட துண்டா இருக்கப்போகுது" என்றாள் கண்ணாயி.

மறுநாள் எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். குளிக்கப் பாதி, வெட்டுவதைப் பார்க்கப் பாதி. பொன்னுவேல் டிரைவரிடம் சொல்லிவிட்டே வந்திருந்தான். ஸ்தனிஸ்லாஸ் உள்ளே போனார். துக்க முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வெறுங்கையோடு வந்தார்.

"உழுகல" என்றார்.

அடுத்த நாளும் உதிரவில்லை. இதழ் காய்ந்தது, காம்பு காயவில்லை. வாரம் திரும்புவதற்குள் காம்பு விரல் நீளத்துக்குப் பச்சையாக இறங்கியது. கிறிஸ்துதாஸ் கண்ணாடியைத் துடைக்காமலே எல்லோரையும் கட்டிப்பிடித்தார். ரகசியம் தனக்குப் பிடிபட்டுவிட்டது என்றார். விரிந்த பூவில் செய்வதுதான் எல்லோரும் பண்ணுகிற தப்பு, வாடத் தொடங்கிய பூவில் செய்யவேண்டும். வயநாட்டுக்கும் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். அதை நம்பி மரியதாஸ் அந்த வருடம் வாடின பூவாகப் பார்த்துக் குத்திக்கொண்டிருந்ததாகக் கேள்வி. காய் பிடித்ததாகக் கேள்வியில்லை.

ஞானசுந்தரி வாக்குக் கொடுத்தவள். கொடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வரிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. காயைப் பற்றிப் பேசமாட்டேன் என்று அவள் சொன்னதில்லை. ஒரு சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் காய் முத்த எத்தன நாளாகுமுங்க?"

"எட்டு மாசம், ஒம்பது மாசம் ஆகும்."

"பிள்ளத்தாச்சிக் கணக்குத்தான்." ஒரு காயை உரித்தாள். "அது வரைக்கும் அங்கயேதான் தொங்குமுங்களா?"

"பின்ன?"

"இல்ல, பொன்னுவேலு துண்ட ஒதர்றது அந்தப் பக்கந்தான். அதான் கேட்டேன்."

கிறிஸ்துதாஸ் உரிப்பதை நிறுத்தினார்.

"ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் எந்திரிக்கறப்ப அந்தக் கம்பத்தான் புடிச்சுட்டு எந்திரிப்பாரு போலிருக்குது. கம்பு ஆட்டங் கண்டிருக்குது" என்று அவள் முறத்தைத் தட்டினாள். "காயி சின்னதுதானுங்க. கீழ உழுந்தாலும் ஒட்டவெச்சுக்கலாமுங்களா?"

கிறிஸ்துதாஸ் மறுபடி உரிக்கத் தொடங்கினார். அவர் உரித்த அவரைத் தோல் முறத்திலும், விதை குப்பையிலும் விழுந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை கிறிஸ்துதாஸ் குளியலறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"இனி ஆரும் உள்ள போகக்கூடாது. காயி இருக்குது."

"ரைட்டரே, இடுப்புக்கு மட்டும் ரெண்டு சொம்பு" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"முடியாதுங்க."

"நான் துண்டே கொண்டாரலைங்க, ஈரத்தோடயே பஸ்ஸுல ஏறிக்கறேன்" என்றான் பொன்னுவேல்.

"முடியாது."

"சேர்வராயன் சாமி திருவிழாவுக்கு வெரதம் இருக்கறேனுங்க" என்றாள் கண்ணாயி. "நெதமும் தண்ணி வாக்காம எப்படிங்க?"

"சேர்வராயனே குளுருக்குள்ள குகையில இருக்கறாரு. பச்சத்தண்ணியில வாத்தாலும் ஏத்துக்குவாரு."

கண்ணாயி சிரித்துவிட்டாள். "அது சரிங்க. ஊத்தறதுக்கு ஆள் வேண்டாமுங்களா? ஆவிக்கு என்ன பண்ணுவீங்க?"

அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. விரித்த கை விரித்தபடி நிற்க, கண் மட்டும் அங்குமிங்கும் ஓடிக் கடைசியில் மனைவியிடம் வந்து நின்றது.

"ஞானம். நீ ஒருத்தி கொஞ்சம் நெதானமா, நின்னு, நெதமும்..."

"எனக்கு ஊடு கூட்ற வேலை கெடக்குதுங்க."

"ஊடு நான் கூட்றேன்."

"நெதமும் தலைக்கு ஊத்துனா முடி கொட்டிருமுங்க. எண்ணெ வெச்சுத்தான் ஊத்தோணும். எண்ணெயும் தீந்துபோச்சு."

"வாங்கியாறேன். இப்பவே வாங்கியாறேன்."

"நீங்க எங்க குளிப்பீங்க?"

"எஸ்டேட் குழாயில ஊத்திக்கறேன். என்னப் பத்தி என்ன இப்ப?"

அவள் ரொம்ப நேரம் யோசிப்பது போல நின்றாள். வரிசை முழுக்க அவள் முகத்தையே பார்த்தது.

"செரிங்க" என்றாள். "காய்க்காகப் பாக்கறேன்."

கண்ணாயி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க பாக்கத்தான் சாது" என்று சொல்லிவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள். ஸ்தனிஸ்லாஸும் பொன்னுவேலும் துண்டை உதறிக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் போல, பின்னால் போனார்கள்.

கிறிஸ்துதாஸ் கடைக்கு ஓடி எண்ணெயோடு வந்தார். அடுப்பை மூட்டினார், புகை பட்ட கண்ணோடு கட்டையை ஊதி ஊதித் தவலையைக் கொதிக்க வைத்தார். சீயக்காயைத் தானே கரைத்தார். முக்காலியைக் கொடியிலிருந்து தள்ளி ஒரு பக்கமாகப் போட்டார். எல்லாம் ஆன பிறகு கதவோரம் நின்று அவளைக் கூப்பிட்டார்.

"துண்ட மெதுவா ஒதறு."

"செரிங்க."

"கம்பத் தொட்டுறாத."

"செரிங்க."

"அவசரப்படாத ஞானம். எம்புட்டு நேரமானாலும் பரவாயில்ல. நான் இங்கதான் உக்காந்திருப்பேன், ஒருத்தரும் வராமப் பாத்துக்கறேன்."

"செரிங்க" என்று ஞானசுந்தரி எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போனாள். கிறிஸ்துதாஸ் கதவை அவரே சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.